வலது கைப் பட்டை

தேரா, துபாய்
ஜனவரி 6, 2025

பாண்டித்துரைக்கு,

அன்று அறிக்கை எழுத உட்காருவதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி ஏன் கேட்கவில்லை? மூன்று மாதமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரமில்லை என்று சொல்ல முடியாது. அன்று மதியம் எனக்கு வேறு வேலையே இல்லை.

என் எண்ணை நீங்கள் பிளாக் செய்திருப்பது தெரியும். அதனால்தான் காகிதம். முகம்மது ஆசிக்கின் மளிகை வேன் செவ்வாயும் வெள்ளியும் புஜைராவுக்கு வருகிறது, உங்கள் தொழிலாளர் கேம்ப்புக்கும் அதில்தான் அரிசி இறங்குகிறது என்று அவரே சொன்னார். பதில் எழுதினால் டிரைவரிடம் கொடுக்கலாம். எழுதாவிட்டாலும் குறை சொல்ல மாட்டேன்.

நம் இருவருக்கும் நினைவிருப்பது ஒன்றுதானா என்று பார்க்க, நடந்ததை எழுதுகிறேன்.

அக்டோபர் 9. மியூசியத்தின் ‘மண்ணும் மறையும்’ கண்காட்சிக்காக அமெரிக்காவின் அயோவாவிலிருந்து வந்த பெட்டிகளைக் கிடங்கில் பிரித்துக்கொண்டிருந்தோம். மக்காச்சோளம் பயிரிட்ட ஒரு யூதக் குடும்பத்தின் சாமான்கள். வெள்ளிக்கிழமை மாலையில் ஏற்றும் மெழுகுவத்தித் தண்டுகள். ஒரு விதைக் கம்பெனி காலண்டர். அதில் அவர்களுடைய பண்டிகைகளைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்கள். விதைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த தொழுகைக்கூடத் திரை. கதிரிலிருந்து மணி உதிர்க்கும் கைச்சக்கரம். கடைசியாக ஒரு தகரப் பெட்டி.

யூதர்கள் காலைத் தொழுகையில் தலையில் ஒன்றும் கையில் ஒன்றுமாகச் சிறு கறுப்புப் பெட்டி கோத்த தோல் பட்டைகளைக் கட்டுவார்கள். தகரப் பெட்டியில் தலைக்கு உரியது இருந்தது. பக்கத்தில் இன்னொரு தோல் பட்டை கிடந்தது. அப்படியானால் இது கைக்கு உரியது, இதன் கறுப்புப் பெட்டி தொலைந்துவிட்டது என்று கண்காட்சிப் பொறுப்பாளர் சேதுமாதவன் முடிவு செய்தார். அவர் சொல்ல, நான் பதிந்தேன். பொருள் எண் 14, வழிபாட்டுப் பொருள்.

நீங்கள் சிரித்தீர்கள். “சாமி சாமான் இல்ல சார் இது, சோளக் கருது உரிக்கிறது” என்றீர்கள். கையுறையைக் கழற்றிவிட்டு அதை வலது கையில் கட்டி, எதையோ பிடித்துக் கிழிப்பதுபோல் காற்றில் வீசிக் காட்டினீர்கள். சேதுமாதவன் கத்தினார். நான் சம்பவ அறிக்கைப் படிவத்தை எடுத்தேன்.

அந்த அறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. கழற்றினார், கட்டினார், வீசினார், சிரித்தார். ஆனால் சம்பவத்தின் வகையைக் குறிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. பதிவேட்டில் வழிபாட்டுப் பொருள் என்று நானே எழுதியிருந்ததால், ‘மதப் பொருளை அவமதித்தல்’ என்ற கட்டத்தில் டிக் செய்தேன். நான்கே நாளில் உங்களை அனுப்பிவிட்டார்கள்.

நேற்று 14ஐப் படமெடுத்தோம். பட்டையில் தைத்திருக்கும் இரும்பு முளையை அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி கூராக இருக்கிறது. சேதுமாதவனிடம் கேட்டதற்கு, கறுப்புப் பெட்டியைத் தாங்கிய முளை என்றார். தாங்குவதற்குக் கூர் எதற்கு என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அது என்னவென்று எனக்கு எழுதுங்கள். நீங்கள் சொன்னது சரி என்று நான் இன்னும் நம்பவில்லை. கேட்காமல் எழுதியது தப்பு என்பது வரை வந்திருக்கிறேன். கண்காட்சி 28ஆம் தேதி திறக்கிறது.

பானுமதி
பதிவுப் பிரிவு


புஜைரா
ஜனவரி 10

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

ஆறு வருஷம் உங்களை அக்கா என்று கூப்பிட்டேன். இனிமேல் மேடம்தான். அக்கா என்றால் எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள்.

கடிதம் கிடைத்தது. பாதி படித்து மடித்து வைத்துவிட்டேன். மறுநாள் டியூட்டி முடிந்து மீதியைப் படித்தேன். இப்போது எனக்கு எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் சேறு வழிக்கிற வேலை. உள்ளே நாற்பது நிமிஷம், வெளியே இருபது நிமிஷம். கையுறையைக் கழற்றவே கூடாது. அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம், இங்கே நான் ஒழுங்காக இருக்கிறேன்.

துறைமுகத்துக்குள் போக எனக்குத் தற்காலிகப் பாஸ்தான் தந்திருக்கிறார்கள். பிப்ரவரி 2 வரைக்கும். நிரந்தரப் பாஸுக்கு, முன்னால் வேலை பார்த்த இடத்தின் சான்றிதழ் வேண்டுமாம். அது இல்லாவிட்டால் வேலை இல்லை, ஊருக்கு டிக்கெட்தான். மியூசியத்துக்கு எழுதிக் கேட்டேன். ஹெச்.ஆர். சங்கீதா ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் அரபி. புனிதமான பொருளைக் கேலி செய்வதற்காக அணிந்தேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று. அதில் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் வருமாம். உங்கள் ஆபீஸிலிருந்து வந்தது உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்ப வேண்டுமா?

எங்கள் சூப்பர்வைசர் சேதுபதி நல்ல மனுஷன். தாளை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். “யாருடா இத வாசிக்கப் போறா? கோழி கிறுக்குன மாதிரி ஒண்ணு கிறுக்கிட்டு அனுப்பு, பாஸ் வந்துரும்” என்றார்.

“அப்ப நீங்களே போட்ருங்கண்ணே. உங்க கையெழுத்து அழகா இருக்கும்” என்றேன்.

அவர் தாளைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் போட மாட்டேன் மேடம். அடுத்தவர் சாமியை அவமதித்தேன் என்று இந்த ஊரில் என் கையால் எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதுகூட இரண்டாவது. நான் அதைச் செய்யவில்லை.

அது என்னவென்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கே சொன்னேன், தமிழில்தான் சொன்னேன். எம்.ஏ. படித்தவர்கள் நீங்கள், பாருங்கள். போனால் போகிறது என்று ஒன்று சொல்கிறேன். அது வலது கைக்கா இடது கைக்கா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
பாண்டித்துரை


தேரா
ஜனவரி 13

பாண்டித்துரைக்கு,

மன்னிப்புத் தாளைப் பற்றி எனக்குத் தெரியாது. நீங்கள் நம்புவது உங்கள் விருப்பம். சங்கீதாவிடம் கேட்டேன். “அறிக்கையில இருக்குறதத்தானே மேடம் டைப் பண்ணேன்” என்றாள். அவள் சொன்னது சரி.

நீங்கள் சொன்னதைச் சோதித்தேன். நைஃப் சந்தையின் கையுறைக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்தப் பிளாஸ்டிக் கைகளில் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். என் கையில் கட்டிப் பார்க்கவில்லை. கட்டவும் மாட்டேன். பட்டையில் பெருவிரல் நுழைய ஒரு துளை இருக்கிறது. இடது கையில் வைத்தால் முளை உள்ளங்கைக்குள் திரும்பிக் குத்துகிறது. வலது கையில் மட்டும்தான் படிகிறது. தொழுகைப் பட்டையை வலது கைப் பழக்கமுள்ளவர்கள் இடது கையில்தான் கட்டுவார்களாம். இதைத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆயிற்று.

இதனால் உங்கள் கூற்று நிரூபணமாகிவிடவில்லை. அந்த மனிதர் இடது கைப் பழக்கம் உள்ளவராக இருந்திருக்கலாம். எனவே சாமான்களின் சொந்தக்காரிக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அவர் பெயர் லியோனா, வயது எண்பத்தொன்று, பயிரிட்டவரின் பேத்தி. இரவல் ஏற்பாடெல்லாம் ஏஜெண்ட் வழியாகவே நடந்ததால் இதுவரை நாங்கள் யாரும் அவரிடம் நேராகப் பேசியதில்லை. உங்கள் தாத்தா எந்தக் கையால் எழுதுவார், தகரப் பெட்டியில் இருந்தவை எவை என்று மட்டும் கேட்டேன். பதிலை எந்தப் பக்கமும் சாய்க்கும்படி எதையும் சொல்லவில்லை.

இயக்குநரிடமும் போனேன். விளக்க அட்டைக்கு ஒப்புதல் ஆகிவிட்டது, கேட்டலாக் அச்சாகிவிட்டது என்றார். கூர்முனையைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் பதிவாளரா, விவசாயியா என்று கேட்டுச் சிரித்தார். விவசாயி சொன்னதைத்தான் நான் பதியவில்லை என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது என் பக்கத்தையும் கேளுங்கள். பட்டையில் பெருவிரல் துளைக்கு அருகே ஒரு விரிசல் இருக்கிறது. அக்டோபர் 9 காலையில் எடுத்த படத்தில் அது இல்லை, மாலைப் படத்தில் இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர். தொண்ணூறு வருடத் தோல் அது. அது சாமி சாமானோ வயல் சாமானோ, உங்களை நம்பி ஒருவர் அனுப்பிய பொருள். அதைக் கட்டி இழுத்தது தவறு. அறிக்கையின் அந்த வரியை நான் எடுக்க மாட்டேன்.

ஒன்று புரியவில்லை. வயலில் பயன்படுத்தும் கருவி என்றால், அதைத் தொழுகைச் சாமானோடு ஒரே பெட்டியில் ஏன் வைக்க வேண்டும்? சேதுமாதவனின் வாதத்தில் எஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஆனால் இது வலுவானது.

பானுமதி


புஜைரா
ஜனவரி 17

மேடம்,

விரிசல் என்னால்தான். இழுத்துக் கட்டும்போது லேசாகச் சத்தம் கேட்டது. யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்து அன்று சொல்லவில்லை. அது என் தப்பு. கையுறையைக் கழற்றினேன், பழைய தோலை இழுத்தேன், நான்கு மில்லிமீட்டர் விட்டுப் போயிற்று, மன்னிக்கவும் என்று ஒரு தாள் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் இருக்கட்டும். டிரைவரை நிற்க வைத்துக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். மற்ற தாள் என் பெட்டிக்குள் கிடக்கிறது. அதில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன்.

இனி நீங்கள் கேட்டது.

விளாத்திகுளம் பக்கம் எங்கள் காடு முழுக்க மக்காச்சோளம். பருத்தி போட்ட ஆட்கள் எல்லாம் அதற்கு மாறிவிட்டார்கள். கருது முற்றிக் காய்ந்தால் அதன் மட்டையும் காய்ந்து பிளேடு மாதிரி ஆகிவிடும். வெறும் விரலால் உரித்தால் ஒரே நாளில் நகக்கண் கிழிந்துவிடும். எங்கள் அம்மா மாரியம்மாள் மூன்று இஞ்ச் ஆணி ஒன்றை விரல்களுக்குக் குறுக்கே வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் கட்டிக்கொள்ளும். இடது கையில் கருதைப் பிடிக்கும். வலது கை ஆணியால் மட்டையில் குத்தி, பெருவிரலால் அமுக்கி, ஒரே இழுப்பாகக் கிழித்து ஒடித்துப் போடும். பக்கத்தில் நின்று பார்த்தால் கை போவது தெரியாது, கருது விழுவதுதான் தெரியும். நானும் பதினைந்து வயது வரைக்கும் அப்படித்தான் உரித்தேன். அன்று உங்கள் கிடங்கில் அந்தப் பட்டையைப் பார்த்ததும் என் கை தானாகப் போயிற்று. அந்த அமெரிக்காக்காரர் தோல் வைத்துத் தைத்திருக்கிறார், நாங்கள் டியூப் வைத்துக் கட்டினோம், அவ்வளவுதான். சிரித்தது அதற்காகத்தான்.

நீங்கள் சோதனை செய்கிறவர்கள், அதனால் இரண்டு சொல்கிறேன். முளையின் நுனியில் பெருவிரல் பக்கத்து ஓரம் மட்டும் தேய்ந்து பளபளக்கும், மறுபக்கம் துருவோடு இருக்கும். பட்டையின் உள்பக்கம், நடு உள்ளங்கை படுகிற இடம், வியர்வையில் கறுத்திருக்கும். இரண்டும் இல்லை என்றால் பாண்டித்துரை பொய் சொன்னான் என்று எழுதுங்கள். ஒத்துக்கொள்கிறேன்.

சாமிப் பெட்டியில் ஏன் வைத்தார் என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அந்த ஆணி சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். பக்தி ஒன்றும் இல்லை. பிள்ளைகள் கை வைக்காத இடம் வீட்டில் அது ஒன்றுதான். இதற்கு எம்.ஏ. வேண்டாம் மேடம், இரண்டு பிள்ளைகள் வேண்டும்.

பாஸுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

பாண்டித்துரை


தேரா
ஜனவரி 20

பாண்டித்துரைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே உருப்பெருக்கியில் பார்த்தேன். நுனியில் பெருவிரல் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, மறுபக்கம் துரு. உள்பக்கம் நடுவில் கறுத்திருக்கிறது. இரண்டையும் அளந்து படமெடுத்தேன்.

அன்று மாலையே லியோனாவின் பதிலும் வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். ‘தாத்தா வலது கையால்தான் எழுதுவார். கையில் கட்டும் தொழுகைப் பட்டை என் மகனிடம் இருக்கிறது. அவன் அதைத் தினமும் கட்டுகிறான். அதை நான் உங்களுக்கு அனுப்பவே இல்லையே? பெட்டியில் கிடந்த மற்றது என்னவென்று தெரியாது. நான் வளர்ந்தது நகரத்தில். விடுமுறைக்குப் போனபோது அந்தப் பெட்டியைத் திறந்து ஒருமுறை அடி வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது.’

அவருக்கு நான் எழுதிய மின்னஞ்சல் மொத்தம் ஐந்து வரி. நான்கு நிமிடம் ஆயிற்று. மூன்று மாதமாக அதை யாரும் அனுப்பவில்லை. நானும்தான்.

14 வழிபாட்டுப் பொருள் அல்ல. கதிரின் மட்டையைக் கிழிக்கும் கைக்கருவி. நீங்கள் சொன்னது சரி, நான் எழுதியது தவறு. இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நேரில் என்றால் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

இன்று காலை பழைய அறிக்கையின் எண்ணிலேயே திருத்த அறிக்கை பதிந்தேன். வகை, ‘மதப் பொருளை அவமதித்தல்’ நீக்கப்பட்டது. ‘கையாளும் விதியை மீறியது’ சேர்க்கப்பட்டது, விரிசலின் அளவோடு. தவறான பதிவுக்குப் பொறுப்பு, பானுமதி. ஒரு அறிக்கையை எழுதியவர் மட்டும்தான் திருத்த முடியும் என்பது எங்கள் விதி. அந்த விதியையும் எழுதியது நான்தான். அது இத்தனை வசதியானது என்று இதுவரை தெரியாது.

ஹெச்.ஆர். இதை ஏற்கவில்லை. தப்பு என்று எழுதிக் கொடுத்தால் நீங்கள் வழக்குப் போடுவீர்களாம். ஆகவே மன்னிப்புத் தாள் வந்தால்தான் சான்றிதழ் என்கிறார்கள். சேதுமாதவனோ, திறப்பு விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். உங்கள் தேதி அப்புறத்துக்கு முன்னால் வருகிறது.

ஒவ்வொரு பொருளும் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு முன் அதன் வகையும் சேதமும் எழுதிய நிலைத் தாளில் பதிவாளர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாத பொருளுக்குக் காப்பீடு செல்லாது. 14க்கு நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

பானுமதி


புஜைரா
ஜனவரி 24

மேடம்,

டிரைவர் டீ குடிக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

உங்கள் வேலை போனால் அந்தப் பாவம் என் தலையில் வேண்டாம். எனக்கு உபகாரம் செய்வதாகவும் நினைக்க வேண்டாம். நீங்கள் தப்பாக எழுதியதை நீங்கள் அடிக்கிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

ஊரில் சொல்லிவிட்டேன், வந்தாலும் வருவேன் என்று. வீட்டுக்காரி நாகவள்ளி என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். “கையெழுத்துப் போட்டுட்டு வந்தீங்கன்னா வாசல்லயே நில்லுங்க” என்றாள். அதனால் எனக்கு வேறு வழியும் இல்லை.

சேதுபதி அண்ணன் இப்போது அந்தத் தாளைப் பற்றிப் பேசுவதில்லை. நேற்று ரூமில் இருந்த ஒன்பது பேருக்கும் கருது உரிப்பது எப்படி என்று அவரே பாடம் எடுத்தார். ராமநாதபுரத்துக்காரர், ஒரு கருது உரித்ததில்லை. எல்லாம் தப்பு.

விரிசல் தாள் இன்னும் வரவில்லை. அனுப்புங்கள்.

பாண்டித்துரை


தேரா
ஜனவரி 27

பாண்டித்துரைக்கு,

விரிசல் தாளை இத்துடன் வைக்கிறேன். நானே டைப் செய்தேன். படித்துப் பாருங்கள், ஒரு சொல் கூடுதலாக இருந்தாலும் அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

நன்றி எதிர்பார்க்கவில்லை.

நாளை காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிப் பெட்டிகளைப் பூட்டுகிறார்கள். மாலை ஆறு மணிக்கு விருந்தினர்கள். இன்று மதியம் இயக்குநர் கூப்பிட்டார். 14 அச்சிட்டபடியே தொழுகை அறையில் இருக்கும், நான் கையெழுத்திடாவிட்டால் அதன் விளைவு என்னைச் சேரும் என்றார். எனக்கு நாற்பத்தொன்பது வயது, பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன், விசா இவர்களுடையது. இதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

நான் இரண்டு கேட்டேன். 14ஐ விவசாய அறைக்கு மாற்ற வேண்டும். திருத்த அறிக்கை உங்கள் கோப்பில் சேர வேண்டும். இரண்டும் முடியாது என்றார். நாளை என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதுவதில் பயனில்லை. கடிதத்தை மூடாமல் வைக்கிறேன். நடந்ததை எழுதி வெள்ளிக்கிழமை வேனில் அனுப்புகிறேன்.

ஜனவரி 28, மாலை 4.30

ஒன்பது மணிக்குப் போனேன். அறுபத்தொரு நிலைத் தாள்களில் கையெழுத்திட்டேன். 14இன் தாளை அப்படியே வைத்துவிட்டு, லியோனாவின் மின்னஞ்சலையும் நுனியின் படங்களையும் அதன்மேல் வைத்தேன்.

சேதுமாதவன் அவற்றை நின்றுகொண்டே பார்த்தார். ஏற்கெனவே பார்த்தவைதான். “கேட்டலாக்ல என் பேர் போட்டிருக்கு பானுமதி. எனக்கும் இருக்கிறது ஒரே பேர்தான்” என்றார்.

“பாண்டித்துரைக்கும் ஒண்ணுதான் சார்” என்றேன்.

இயக்குநர் வந்தார். என் இடத்தில் சேதுமாதவனையே கையெழுத்திடச் சொன்னார். காப்பீட்டாளரின் ஆள் பக்கத்திலேயே நின்றார். பதிவாளர் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்றார். சேதுமாதவன் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். 9.50க்கு 14ஐ எடுத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்கள்.

விவசாய அறைக்கும் அதை அனுப்பவில்லை. கிடங்கில் இருக்கிறது. கேட்டலாக்கின் முப்பத்தோராம் பக்கம் தவறாகவே விற்பனையாகும்.

பதினொரு மணிக்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கீழே ‘படித்தேன், ஏற்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். விசா மே மாதம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று தெரியவில்லை.

பிறகு சங்கீதாவின் மேசைக்குப் போனேன். காப்பீட்டாளருக்குக் காலையில் கொடுத்த கோப்பில் திருத்த அறிக்கையும் போயிருக்கிறது, இனி அதை இல்லை என்று சொல்ல முடியாது என்றேன். அவள் இயக்குநருக்குப் போன் செய்தாள். அவர் விருந்து ஏற்பாட்டில் இருந்தார், எதையாவது கொடுத்து அனுப்பு என்றாராம். 2.10க்குச் சான்றிதழை அடித்து முத்திரை வைத்தாள். இத்துடன் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் 2024 அக்டோபர் வரை பொருள் கையாளுநராகப் பணியாற்றினார் என்று ஒரே வரி. வேறு ஒன்றும் இல்லை.

பழைய மன்னிப்புத் தாளைக் கையெழுத்தில்லாமலாவது திருப்பித் தரச் சொன்னாள், அவளுடைய கோப்புக்கு வேண்டுமாம். தர மாட்டார் என்றேன்.

பானுமதி